ஓடாமல் நிற்கும் பழைய காரைப் புதுப்பிக்காமல் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீட்டுக் கொட்டகையிலோ, தோப்பு வீட்டிலோ, மூடிய மில் வளாகத்திலோ பல ஆண்டுகளாக நிற்கும் அம்பாசடர், ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களை, புதுப்பித்து வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஒருவருக்கு இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிட நினைப்பவர்களுக்கானவை இந்தக் கேள்வி பதில்கள். ஓடுகிற பழைய காரைச் சந்தையில் விற்பது வேறு வேலை. அது இங்கே பேசப்படவில்லை.

விற்பதற்கு முன் டிங்கரிங் பார்த்து, ஒரு கோட் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்காதா?

கிடைக்காது; பெரும்பாலும் குறையும். புதுப்பிக்க வாங்குபவர் எப்படியும் பழைய பெயின்டைத் தகடு தெரியும்வரை சுரண்டி எடுக்கத்தான் போகிறார். நீங்கள் செலவழித்து அடித்த பெயின்ட் அவருக்குச் சுரண்ட வேண்டிய இன்னொரு அடுக்கு மட்டுமே. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. புதுப் பெயின்டைப் பார்த்ததும், அதற்கு அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறார்கள், எந்த ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும். அந்தச் சந்தேகத்தின் முழு விலையையும் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். வெயிலில் வெளுத்து, ஆங்காங்கே துரு தெரிகிற பழைய பெயின்ட், தகட்டின் உண்மையான நிலையைக் காட்டுகிறது. கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அடித்த பெயின்டாகவே அது இருந்துவிட்டால், அதற்காகவே தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. எலிக்கூட்டையும் குப்பையையும் அகற்றுங்கள். வெளிப்புறத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள். சக்கரங்களில் காற்று நிற்குமா என்று பாருங்கள். சிலர் தூசியைத் துடைக்காமல் விட்டால் பழங்காலப் புதையல் போலத் தெரியும் என்று நினைக்கிறார்கள். பழகிய கண்ணுக்கு அது பெயின்டையும் பிளவுகளையும் மறைக்கும் உத்தியாகத்தான் படும்.

எந்தக் கார்களைப் புதுப்பிப்பதற்காகத் தேடி வாங்குகிறார்கள்?

அம்பாசடர் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. எனவே "பழைய அம்பாசடர்" என்று மட்டும் சொன்னால் எதுவும் புரியாது. 1960களின் தொடக்கம் வரை வந்த மார்க் 1, அதன் முன்னோடியான லேண்ட்மாஸ்டர், பிறகு வந்த மார்க் 2 ஆகியவற்றுக்கு ஆர்வலர்கள் உண்டு. 1990களின் நோவாவுக்கும் 1800 ஐ.எஸ்.இசட். வண்டிக்கும் அந்த வகை மதிப்பு இன்னும் வரவில்லை. அவற்றை ஓட்டுவதற்கு வாங்குவார்கள், புதுப்பிக்க வாங்குபவர் அரிது.

ஃபியட் வரிசையிலும் இதே கதைதான். 1950களின் 1100, பிறகு வந்த செலக்ட், சூப்பர் செலக்ட், 1964இல் வந்த 1100 டி, 1972இல் பிரீமியர் பிரசிடென்ட், 1974 முதல் பத்மினி என்று பெயர்கள் மாறின, 1089 சி.சி. எஞ்சினும் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்த கியரும் நெடுங்காலம் தொடர்ந்தன. முந்தைய வண்டிகளுக்குத்தான் தேவை அதிகம். 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசி பத்மினி டாக்சி விடைபெற்றபோது நாடெங்கும் செய்தி வந்தது. உங்கள் கொட்டகையில் நிற்கும் 1990களின் பத்மினிக்கு அதனால் விலை கூடிவிடாது.

ஹெரால்டு தனிக் கதை. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் அது. நான்கு கதவு வைத்த மார்க் 3 இந்தியாவில் மட்டுமே வந்தது. எண்ணிக்கையில் குறைவு, உதிரிபாகம் இன்னும் குறைவு, ஆர்வலர்களோ பிடிவாதக்காரர்கள். எனவே பாதியாகக் கிடக்கும் ஹெரால்டுக்கும், அதன் வாரிசாக வந்த கேசலுக்கும் ஆள் கிடைப்பார்கள். அதே நிலையில் உள்ள பத்மினிக்குக் கிடைப்பது கடினம்.

என்ன விலை சொல்வது?

"இதே கார் இணையத்தில் எட்டு லட்சம் போட்டிருக்கிறது" என்று தொடங்குகிற உரையாடல் அநேகமாக வியாபாரத்தில் முடிவதில்லை. அந்த எட்டு லட்சம் ஒருவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. அதுவும் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட காருக்கு.

வாங்குபவர் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார். ஒரு பேச்சுக்கு, வேலை முழுவதும் முடிந்த பிறகு அந்தக் காருக்கு 6 லட்சம் ரூபாய் மதிப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்ட், எஞ்சின், பிரேக், ஒயரிங், சீட், குரோம் பூச்சு எல்லாம் சேர்ந்து 4 லட்சம் ஆகும் என்று அவர் மதிப்பிடுகிறார். ஏற்றிச் செல்லவும் காகித வேலைக்கும் அரை லட்சம். பிரித்த பிறகு தெரியவரும் எதிர்பாராத செலவுக்கு இன்னொரு அரை லட்சத்தை ஒதுக்குவார். மிச்சம் ஒரு லட்சம். உங்களுக்குத் தருவதற்கு அவர் கையில் இருப்பது அவ்வளவுதான். சாதாரணக் கார்களில் இந்தக் கழித்தல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே போய்விடும். ஆசையால் வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் அந்த வியாபாரங்களும் நடக்கின்றன.

இந்தக் கணக்கில் நீங்கள் மாற்றக்கூடியவை இரண்டே: காகிதச் செலவும், எதிர்பாராத செலவுக்காக அவர் ஒதுக்கும் தொகையும். ஆவணங்களைச் சீராக வைத்து, குறைகளை மறைக்காமல் காட்டினால் அந்த இரண்டு தொகைகளும் சுருங்கும். சுருங்கிய அளவு உங்கள் விலையில் சேரும். பெயின்டுக்குச் செலவழிக்க வைத்திருந்த பணத்தை ஆவணங்களுக்குச் செலவழியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

துரு எவ்வளவு இருக்கிறது என்று நானே எப்படிப் பார்ப்பது?

முதலில் ஓர் அடிப்படை. அம்பாசடருக்கும் ஃபியட் 1100க்கும் லாரிக்கு இருப்பது போன்ற தனி அடிச்சட்டகம் (சேசிஸ்) கிடையாது. பாடியே அந்தச் சட்டகமாகவும் இருக்கிறது. எனவே அவற்றின் தரைத் தகட்டிலும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவத் தகட்டிலும் துரு தின்றிருந்தால் அது அழகுக் குறை அல்ல, காரின் எலும்பே அரித்துப்போன நிலை. ஹெரால்டில் தனிச் சேசிஸ் உண்டு. பாடி துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். அதில் பாடித் தகடு போனாலும் மாற்ற வழி உண்டு. ஆனால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் துரு முதலில் பிடிக்கும், அவற்றைக் குனிந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

தரை விரிப்பைத் தூக்குங்கள். பின் சீட்டை எடுத்து அடியில் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், பின்பக்கப் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) பாடியோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், கதவுகளின் அடி விளிம்பு, முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பருக்கு அடியில் உள்ள விளிம்பு ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். பெயின்ட் சீராக இருக்கும் இடங்களில் ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பட்டி தடித்திருக்கும் இடத்தில் பிடிக்காது.

இவற்றில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தைப் படமெடுத்து, கேட்பதற்கு முன்பே வாங்குபவருக்கு அனுப்புங்கள். நேரில் வந்து அவரே கண்டுபிடிக்கிற ஒரு ஓட்டை, நீங்கள் முன்கூட்டியே சொன்ன ஐந்து ஓட்டைகளை விட விலையைக் குறைக்கும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. பல ஆண்டு நின்ற எஞ்சினைப் பேட்டரி மாட்டி உடனே சுழற்றுவதுதான் பெரிய தவறு. டாங்கில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும், சிலிண்டர் சுவரில் எண்ணெய் இருக்காது, பிஸ்டன் வளையங்கள் துருவோடு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆனாலும் சில நிமிடங்களில் ஏற்படும் சேதம், ஜாம் ஆகி நின்ற எஞ்சினைத் திறந்து சரிசெய்வதைவிட அதிகச் செலவு வைக்கலாம்.

நம்பகமான மெக்கானிக் ஒருவர் இருந்தால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, பிறகு கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் முன்னாலிருந்து சுற்றும் கைப்பிடி உண்டு. சுற்றினால், "எஞ்சின் கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். "நின்றபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது" என்ற வரி எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கழற்றி வைத்த பாகங்கள் சில காணவில்லை. அது பெரிய விஷயமா?

எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. அம்பாசடரின் கிளட்ச், பிரேக் சிலிண்டர், வாட்டர் பம்ப் போன்றவை காணவில்லை என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கக்கூடியவை அவை. ஆனால் மார்க் 1இன் முன் கிரில், அந்தக் கால வீல் கப், ஹாரன் வளையத்தோடு கூடிய ஸ்டியரிங், டாஷ்போர்டு மீட்டர், பெயர்ப் பட்டைகள், கதவுக் கைப்பிடி, ஹெரால்டின் பின் விளக்குக் கண்ணாடி, எந்தக் காரானாலும் வளைந்த முன் கண்ணாடி ஆகியவை போனால் போனவைதான். முழுமையாக இருக்கும் துருப்பிடித்த காரை, பாகம் பாதி இல்லாத நல்ல தகடு உள்ள காரைவிட மேலாகக் கருதுகிறவர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான். தகட்டை ஒரு நல்ல டிங்கர் அடித்துக் கொடுத்துவிடுவார், கிரில்லை யார் அடித்துக் கொடுப்பது?

எனவே விளம்பரம் போடுவதற்கு முன் பரண், கொட்டகை, பழைய டிரைவர் வீடு எல்லாவற்றையும் ஒரு முறை தேடுங்கள். கிடைப்பவற்றைப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்து, காரோடு சேர்த்தே கொடுங்கள். பாகங்களைத் தனியாக விற்று முதலில் கொஞ்சம் பார்த்துவிட்டு, பிறகு காரை விற்கலாம் என்று நினைத்தால் இரண்டிலும் நஷ்டம்.

எஞ்சின் மாற்றப்பட்ட கார் இது. சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்சியாக ஓடிய அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்துவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருந்தால் விலை மட்டும்தான் குறையும். ஏறாமல் இருந்தால், எஞ்சின் எண் பொருந்தாததால் பெயர் மாற்றமே நின்றுவிடும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் அச்சு எடுத்து, ஆர்.சி.யில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். பழைய எஞ்சின் எங்கோ மூலையில் கிடந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதுவும் காரோடு போக வேண்டிய பொருள்.

கார் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு விற்கலாமா?

முடியாது. பெயர் மாற்றம் இரண்டு படிகளாக நடக்க வேண்டும்: முதலில் அப்பாவிடமிருந்து வாரிசுக்கு, பிறகு வாரிசிடமிருந்து வாங்குபவருக்கு. முதல் படிக்குப் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் அனைவரும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தரும் உறுதிமொழி ஆகியவை வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், 3 மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கொட்டகையில் நிற்கும் கார்களில் இதை யாரும் செய்திருப்பதில்லை. தாமதத்துக்கு அபராதம் கட்டித்தான் தீர வேண்டும்.

அக்கா, தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில்தான் இந்த வேலை சிக்கும். காருக்கு விலை பேசிவிட்டு அவர்களிடம் போவதைவிட, விலை பேசுவதற்கு முன்பே போவது எல்லாருக்கும் நல்லது. தொகை தெரிந்த பிறகுதான் பாசமும் பங்கும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வரும்.

ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது. அல்லது அதில் பழைய வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருக்கிறது.

தொலைந்த புத்தகத்துக்குக் காவல்துறையில் பதிவு செய்து, படிவம் 26 மூலம் நகல் கேட்க வேண்டும். பழைய கார்களின் விவரங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் இருக்கலாம். அதைக் கணினியில் ஏற்றினால்தான் மேற்கொண்டு எந்த விண்ணப்பமும் நகரும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் எப்போதோ அடைந்திருந்தாலும், ஆர்.சி.யிலிருந்து அதை நீக்கப் படிவம் 35இல் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். வங்கியே இப்போது இல்லை என்றால் அது எந்த வங்கியோடு இணைந்தது என்று பார்த்து அங்கே போக வேண்டும். தஞ்சாவூர் வங்கியில் கடன் என்றால் இந்தியன் வங்கிக்கும், தமிழ்நாடு வங்கியில் என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும்; இரண்டும் 1990இல் இணைந்தவை. தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி மூடிப்போயிருந்தால் சிரமம் கூடும். அந்த நிலையை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு ஒத்துக்கொள்வதே நடைமுறை.

ஓடாத காருக்குப் பெயர் மாற்றம் எப்படிச் செய்வார்கள்?

இந்த வியாபாரத்தின் உண்மையான முடிச்சு இதுதான். தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். பழைய கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025இல் மேலும் உயர்ந்தது. பெயர் மாற்றத்துக்குக் காப்பீடும் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். ஸ்டார்ட்டே ஆகாத காருக்குப் புகைச் சான்றிதழ் எப்படி வாங்குவது? ஆக, பதிவு காலாவதியான கார், வாங்குபவர் அதைச் சரிசெய்து ஓடவைத்த பிறகுதான் முறைப்படி அவர் பெயருக்குப் போக முடியும் என்ற நிலை வருகிறது. அதற்கு இரண்டு ஆண்டும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம்.

அந்த இடைக்காலத்தில் கார் சட்டத்தின் கண்ணில் உங்களுடையது. விற்றுக் கையைக் கழுவியாயிற்று என்று நினைத்த ஒருவரின் மீதே விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு விழக்கூடும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எனவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29இலும் 30இலும் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். தேதி, வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள்; நகல் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓடாத நிலையில் புதுப்பிப்பதற்காக விற்கப்படுகிறது என்றும், ஆய்வுக்குத் தகுதியாகும்வரை சாலையில் ஓட்டக் கூடாது என்றும், ஒப்படைத்த நாள் நேரத்திலிருந்து எல்லாப் பொறுப்பும் வாங்கியவருடையது என்றும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திடட்டும். பிறகு, விற்றுவிட்ட தகவலைப் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள், வேறு மாநிலத்தவருக்கு என்றால் 45 நாள் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு கால அளவு சொல்கிறது. அலுவலகத்தில் வாங்க மறுத்தால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு மாறும்வரை இது முழுப் பாதுகாப்பு ஆகாது. இருந்தாலும் நீங்கள் கடமையைச் செய்ததற்கு அது ஒன்றே சாட்சி.

வேறு மாநிலத்துக்குப் போகிற காருக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆள் வருவது வழக்கம் என்பதால், பதிவு இன்னும் செல்லுபடியாகும் கார் என்றால் விலை பேசும்போதே இதற்கான செலவு யாருடையது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐம்பது ஆண்டு ஆன காருக்குத் தனிப் பதிவு உண்டு என்கிறார்களே?

உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, மூல வடிவத்திலேயே பராமரிக்கப்படுகிற, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத தனியார் வாகனத்தை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் எண் கிடைக்கும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காகவே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிப் போக முடியாது, வாடகைக்கும் விட முடியாது.

விற்பவருக்கு இதில் உள்ள செய்தி "மாற்றம் செய்யப்படாத" என்ற நிபந்தனைதான். 1972இல் பதிவாகி, பிறந்த எஞ்சினோடு அப்படியே நிற்கும் ஹெரால்டுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு மாறிய அதே வயது அம்பாசடருக்குச் சிக்கல். இந்தப் பதிவை நீங்களே வாங்கித் தர வேண்டியதில்லை. தகுதி இருக்கிறது என்பதைக் காட்டும் பழைய ஆர்.சி.யின் முதல் பக்கத்தை விளம்பரத்தில் போட்டால் போதும், எண்களின் ஒரு பகுதியை மறைத்து.

பழைய எண்ணுக்குத் தனி மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. இன்றைய டி.என். வரிசைக்கு முந்தைய மூன்றெழுத்து எண் பலகை காரில் இருந்தால் வாங்குபவர்களுக்கு அது ஓர் ஈர்ப்பு. தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அம்பாசடரின் 4777ஐ மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிற ஊர் இது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு காரைக் கொடுக்கிறேன் என்பது இத்தகைய கார்களில் நடக்காத பேரம்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது, எத்தனை படம் போடுவது?

தயாரிப்பு ஆண்டு, பதிவு ஆண்டு, மாடலின் சரியான பெயர், எத்தனையாவது உரிமையாளர், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பதிவு எதுவரை செல்லுபடி, எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது, கூரைக்கு அடியிலா வெட்டவெளியிலா, என்னென்ன இல்லை, விலை. இவ்வளவும் இருந்தால் தேவையில்லாத தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும். "அரிய கார்", "ராஜா வீட்டுக் கார்" என்ற அடைமொழிகள் வேண்டாம். ராஜா வீட்டுக் கார் என்றால் அதற்கு ஆவணம் போடுங்கள்.

படங்கள் பகல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும், அடிப்பகுதியும், எஞ்சின் அறையும், தரைத் தகடும், மோசமான இடங்களும். பழைய விற்பனை ரசீது, சர்வீஸ் புத்தகம், வரிச் சீட்டு, குடும்பத்தார் காரோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஆகியவை இருந்தால் அவற்றின் படமும். கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தின் ஒதுக்கீட்டுக் கடிதம் ஒன்று பீரோவில் கிடைத்தால், ஆர்வலர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டே புறப்பட்டு வருவார்.

புரோக்கரிடம் கொடுக்கலாமா, நேரடியாக விற்கலாமா?

நேரடியாக விற்க முயலுங்கள். சென்னையிலும் கோவையிலும் பழைய கார் ஆர்வலர் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் கூடும் கண்காட்சிக்குப் போய் இரண்டு பேரிடம் சொன்னாலே செய்தி பரவிவிடும். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனால், உங்கள் காரின் மாடல் புதுப்பித்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்ற ஓர் அளவுகோலாவது கிடைக்கும். புரோக்கர் உங்களுக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு ஒரு விலையும் சொல்வது தொழில் வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். வாசலில் வந்து "எடைக்கு எடுத்துக்கொள்கிறேன், இப்போதே பணம்" என்பவரிடம் அன்றே முடிவு சொல்ல வேண்டாம்.

பணத்தை எப்படி வாங்குவது?

வங்கி வழியாக. ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, தண்டத்தொகை அந்த ரொக்கத்தை வாங்கியவருக்குத்தான். முன்பணம் வாங்கினால் எத்தனை நாளுக்குள் மீதி, தவறினால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள். காரைப் பார்க்காமலேயே முழுத்தொகையும் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

பிரித்துப் பாகங்களாக விற்றால் அதிகம் கிடைக்குமா?

கூட்டிப் பார்த்தால் கிடைக்கும். ஆனால் நல்ல பாகங்கள் முதல் மாதத்தில் போய்விடும், மிச்சக் கூடு ஆண்டுக்கணக்கில் உங்கள் வாசலில் நிற்கும். ஆர்.சி. இல்லாத, தரைத் தகடே இல்லாத காரை மட்டும், இன்னொரு காரைக் காப்பாற்றும் பாக வண்டியாக மொத்தமாக ஒருவருக்கே கொடுப்பது சரி. ஆவணமும் பாடியும் நன்றாக உள்ள காரைப் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றிச் செல்வது யார் பொறுப்பு?

வாங்குபவர் பொறுப்பு. கட்டி இழுத்துச் செல்ல அனுமதிக்காதீர்கள்; பிரேக் இல்லாத கார் அது. தட்டையான தளம் உள்ள ரிகவரி வண்டியில்தான் போக வேண்டும். நான்கு சக்கரமும் உருளுகிற நிலையில் இருந்தால் ஏற்றுவது எளிது. பிரேக் டிரம் ஒட்டிப்போயிருந்தால் முன்னதாகவே ஒரு மெக்கானிக்கை வைத்து விடுவித்து வையுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சாவிகள், பாகப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

ஓர் ஆண்டு விளம்பரம் செய்தும் யாரும் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். விலையைக் குறைத்தும் ஆள் வராவிட்டால், 1980களுக்குப் பிந்தைய கார், தகடு முற்றிலும் அரித்தது, ஆவணமும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால், பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்கி, அதன் அடிப்படையில் பதிவை ரத்து செய்துவிடலாம். தெருவோரப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் கார் போய்விடும், பதிவு உங்கள் பெயரிலேயே நிற்கும். அழிப்பு மையத்துக்குக் கொடுப்பதற்கு முன் கண்ணாடி, விளக்கு, மீட்டர், கிரில் ஆகியவற்றைக் கழற்றி அதே மாடல் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்க முடியுமா என்று ஆர்வலர் குழுக்களில் ஒரு முறை கேளுங்கள். எந்தெந்தப் பாகங்கள் இல்லாமல் வண்டியை ஏற்றுக்கொள்வார்கள் என்று மையத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.